பன்னெண்டு கிலோவுக்குள்ள ஒரு ஸ்டீல் ஆம்ப்

நாலு வருஷம் முன்னாடி, எனக்கு பெடல் ஸ்டீல் கிட்டார் சொல்லிக் குடுத்த பெரியவர் போன் பண்ணி "ஆம்ப்ப வித்துட்டேன்"னு சொன்னார். ஆம்ப்னா வாத்தியத்தோட சத்தத்தைப் பெருசாக்கற ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் சேர்ந்த பொட்டி. அவருக்கு அப்ப 74 வயசு. கை நல்லா இருக்கு, காது நல்லா இருக்கு, முட்டிகூட லீவரைத் தள்ற அளவுக்கு ஓடுது. ஆனா 30 கிலோ ஆம்ப்ப டிரக்குல இருந்து இறக்கி, ஹால் படியில ஏத்தி, ராத்திரி 11 மணிக்கு எல்லாரும் கிளம்பினப்புறம் மறுபடியும் தூக்கி டிரக்குல வைக்கறதுக்கு முதுகு ஒத்துழைக்கல. யாராவது வந்து தூக்கிக் குடுப்பாங்களான்னு பாத்துட்டு நிக்கறது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதனால வித்துட்டார். ஸ்டீல் மட்டும் இருக்கு, வீட்ல ஹெட்போன்ல வாசிச்சுக்கறேன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டார்.

எனக்கு அன்னிக்கு மனசே சரியில்ல. 50 வருஷமா டெக்ஸாஸ் டான்ஸ் ஹால்ல உக்காந்து வாசிச்ச மனுஷன், வாசிப்பு குறைஞ்சு நிறுத்தல, ஒரு பொட்டியோட எடைக்காக நிறுத்தறார்னா அது என்ன நியாயம்னு தோணிட்டே இருந்துச்சு.

நான் இருக்கறது டாலஸ் பக்கத்துல இர்விங். கம்ப்யூட்டர் வேலை. ஸ்டீல் பிடிச்சு 9 வருஷம் ஆச்சு, மாசத்துக்கு ரெண்டு மூணு வாட்டி ஒரு சின்ன கன்ட்ரி பேண்ட்ல உக்காருவேன். அக்கூஸ்டிக் கிட்டாருக்குன்னு செய்யறாங்க பாருங்க, சின்னதா, ஒரு கையில தூக்கற மாதிரி ஆம்ப், அதுல பெடல் ஸ்டீல் வாசிக்க முடியுமாங்கறதுதான் இந்தப் பதிவு. முடியும். ஆனா பிளக்கைச் சொருகினதும் தானா வந்துடாது, ஏன் வரலன்னு புரிஞ்சுக்கிட்டா வரும்.

பெடல் ஸ்டீல் பாக்காதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சின்ன மேஜை மாதிரி நாலு கால் மேல நிக்கும், பலகை மேல 10 கம்பி. இடது கையில வழவழன்னு ஒரு இரும்பு உருளை, அதுக்குப் பேர் பார், அதை கம்பி மேல வச்சு வழுக்கிட்டே போகணும். வலது கை விரல்ல மீட்டறதுக்கு பிக். இடது காலுக்கு மூணு பெடல், ரெண்டு முட்டிக்கும் லீவர், ஒவ்வொண்ணும் குறிப்பிட்ட கம்பியோட சுருதியை மட்டும் அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ ஏத்தும் இறக்கும், மத்த கம்பி அப்படியே நிக்கும். கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வழுக்கல் அந்நியமே இல்ல. எங்கப்பா பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கச்சேரிய ரேடியோல கேட்டதைப் பத்தி சின்ன வயசுல நிறைய சொல்லியிருக்கார், நான் முதல் தடவை இங்க ஒரு ஹால்ல ஸ்டீல் கேட்டப்ப எனக்கு ஞாபகம் வந்தது அதுதான், ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு குதிக்காம நடந்து போற அந்த விஷயம்.

வாத்தியத்தோட வேர் ஹவாய்ல இருக்கு, 19ம் நூற்றாண்டு கடைசில ஓவாஹு தீவுல ஜோசஃப் கெக்குகுங்கற பையன் கிட்டாரை மடியில வச்சு இரும்பால வழுக்கினதுல ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. பெடல் அதுக்கு ரொம்பப் பின்னாடி. வெப் பியர்ஸ் பாடி 1954ல ஹிட்டான ஒரு பாட்டுல பட் ஐசக்ஸ்ங்கற ஸ்டீல்காரர் கம்பி ஒலிச்சுட்டு இருக்கும்போதே பெடலை மிதிச்சு சுருதியை வளைச்சார், அதைக் கேட்டு நாஷ்வில்ல இருந்த ஸ்டீல்காரங்க எல்லாம் தங்கள் வாத்தியத்துக்கு அடியில கம்பியும் ராடும் மாட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஷாட் ஜாக்சனும் பட்டி எமன்ஸும் சேர்ந்து ஸ்டீல் செய்யற ஷோ-பட் கம்பெனி தொடங்கினது அந்த அலையிலதான்.

சரி, ஆம்ப்புக்கு வரேன். ஸ்டீல் ஆம்ப் ஏன் அவ்ளோ பெருசுங்கறதுக்கு வலது காலுக்குக் கீழ இருக்கற வால்யூம் பெடல்தான் காரணம். ஸ்டீல்ல கம்பியை மீட்டும்போது பெடலை பாதி அளவுலதான் வச்சிருப்போம். மீட்டின நொடியில சத்தம் பெருசா இருக்கும், அப்புறம் கரைய ஆரம்பிக்கும், கரையக் கரைய காலை மெதுவா அழுத்திட்டே போவோம், கேக்கறவங்களுக்கு அந்த ஸ்வரம் கரையாம அப்படியே நிக்கற மாதிரி இருக்கும், வயலின் வில்லு மாதிரி. அந்தப் பாதிக்கு மேல இருக்கற இடம் பூரா கையிருப்பு. அந்தக் கையிருப்பைத்தான் ஹெட்ரூம்னு சொல்றோம். ராக் கிட்டார்காரங்களுக்கு ஆம்ப்போட சத்தம் கொஞ்சம் கிழிஞ்சா அழகு, எங்களுக்கு அது கூடவே கூடாது, ரெண்டு மூணு கம்பி சேர்ந்து ஒலிக்கும்போது துளி கிழிசல் வந்தாலும் சுருதி கலைஞ்ச மாதிரி கேக்கும். அதனாலதான் 70கள்ல பீவி செஷன் 400, அப்புறம் நாஷ்வில் 400னு 200 வாட், 15 இஞ்ச் ஸ்பீக்கர்னு வந்துச்சு. ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் 85 வாட்தான், ஆனா அதுலயும் ரெண்டு 12 இஞ்ச் ஸ்பீக்கர், எடை 29 கிலோ கிட்ட. ரெண்டு நெக், அதாவது தனித்தனி சுருதியில ரெண்டு வரிசை கம்பி வச்ச ஸ்டீலை கேஸோட தூக்கினா அதுவே 30 கிலோவுக்கு மேல போயிடும். அதுக்கு மேல உக்கார்ற சீட்டு, வால்யூம் பெடல், கேபிள் பை.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், மின்சார ஸ்டீலோட ஆரம்ப காலத்துல ஆம்ப் சின்னதுதான். 1945ல லியோ ஃபெண்டரும் டாக் காஃப்மனும் கே அண்ட் எஃப்னு கம்பெனி போட்டு முதல்ல வித்ததே மடியில வச்சு வாசிக்கற ஸ்டீலும் அதுக்கு ஜோடியா ஒரு சின்ன ஆம்ப்பும்தான். அதனால சின்ன ஆம்ப்ல ஸ்டீல்ங்கறது ஏதோ புதுசா செய்யற குறுக்குவழி இல்ல.

எங்க வீட்ல அக்கூஸ்டிக் ஆம்ப் வந்தது ஸ்டீலுக்காக இல்ல, பொண்ணோட வீணைக்காக. கோயில் நவராத்திரி கச்சேரிக்கு கான்டாக்ட் மைக் ஒட்டி வாசிக்கறதுக்கு ஒரு 60 வாட் ஆம்ப் வாங்கினோம். ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர், மேல் ஸ்தாயிக்குன்னு ட்வீட்டர்ங்கற குட்டி ஸ்பீக்கர் ஒண்ணு, 9 கிலோகூட இருக்காது. அது ஹால் மூலையில கிடக்கும். பெரியவர் போன் பண்ணின அந்த வாரம் நான் என் பழைய ஸ்டீல் ஆம்ப்ப காருக்கு எடுத்துட்டுப் போறப்ப இடுப்புல சுருக்குன்னு பிடிச்சு அப்படியே கேரேஜ் படியில உக்காந்துட்டேன். என் மனைவி வந்து பாத்துட்டு, "ஏங்க, அவர் கதையைக் கேட்டு அத்தனை வருத்தப்பட்டீங்க, நீங்களும் அதையேதான் தூக்கிட்டு அலையறீங்க. பாப்பாவோட ஆம்ப்ப எடுத்துட்டுப் போங்களேன்"னா. எடுத்துட்டுப் போனேன்.

முதல் தடவை நல்லாவே இல்ல, மறைக்க ஒண்ணும் இல்ல. டிரம்மர் வீட்டு கேரேஜ்ல பிராக்டிஸ். வழக்கம் போல ஆம்ப்ப தரையில, எனக்குப் பின்னால ஒரு ஏழெட்டு அடி தள்ளி வச்சேன். மீட்டினா ஸ்வரத்துக்கு முன்னாடி பிக் கம்பியில படற "டிக்" கேக்குது. பாரை நகர்த்தினா கம்பி மேல இரும்பு உராயற சத்தம் தனியா ஒரு வாத்தியம் மாதிரி வருது. டிரம்ஸ் ஆரம்பிச்சதும் என் சத்தமே எனக்குக் கேக்கல, காலை அழுத்தினேன், சிக்னல் எல்லை தாண்டிடுச்சுன்னு காட்டற சிவப்பு லைட்டு எரிஞ்சுது, ஆனா ஸ்வரம் வளரல. பாலாட்ல, அதாவது மெதுவான பாட்டுல, ஒரு இடம் இருக்கு, பாடகி மூச்சு விடற நாலு எண்ணிக்கைக்குள்ள ஸ்டீல் அடியில இருந்து எழும்பி வந்து அவங்களை அடுத்த வரிக்கு ஏத்தி விடணும். அந்த இடத்துல கால் தரை வரைக்கும் போயிடுச்சு, சத்தம் தட்டையா நின்ன இடத்துலயே நிக்குது. ஸ்டீல் வாசிக்கறவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும், பேச வாயைத் திறந்து குரல் வராத மாதிரி.

வீட்டுக்கு வந்து ரெண்டு மூணு வாரம் ராத்திரி அதோட உக்காந்தேன். புரிஞ்சதை எழுதறேன், யாருக்காவது உதவும்.

கிட்டார் ஆம்ப்ல இருக்கற ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது, அதுவே ஒரு வடிகட்டி. அக்கூஸ்டிக் ஆம்ப்ல ட்வீட்டர் இருக்கு, மர வாத்தியத்தோட காத்தும் நகம் படற சத்தமும் கேக்கணும்னுதான் அதைச் செஞ்சிருக்காங்க, அதனால நம்ம விரல் பிக் சத்தத்தையும் நேர்மையா எடுத்துக் குடுக்குது. சில மாடல்ல ட்வீட்டரைத் தனியா குறைக்க ஒரு குமிழ் இருக்கும், இருந்தா முதல்ல அதைக் கீழ இறக்குங்க. இல்லன்னா ட்ரெபிளை, அதாவது மேல் ஸ்தாயி குமிழை, கடிகாரத்துல 9 மணி பக்கம் கொண்டு வந்துடணும். மிட், அதாவது நடு ஸ்தாயி விஷயத்துல ஒரு பழக்கத்தை விடணும். பெரிய ஸ்டீல் ஆம்ப்ல 800 ஹெர்ட்ஸ் பக்கத்தை நல்லா குறைக்கறது எங்களுக்கு பரம்பரை வழக்கம் மாதிரி, நானும் அதே மாதிரி இதுலயும் மிட்டைக் குறைச்சு வச்சிருந்தேன், சின்ன ஸ்பீக்கர்ல அதைக் குறைச்சா சத்தத்துக்கு உடம்பே இல்லாம போயிடுது. மிட்டை நடுவுலயே விட்டேன், சில ஹால்ல துளி ஏத்தவும் செய்வேன்.

அடுத்து பிக்கப், கம்பியோட அதிர்வை மின் சிக்னலா மாத்தற காந்தச் சுருள். ஸ்டீல் பிக்கப்ல செம்புக் கம்பி நிறைய சுத்தியிருக்கும், சிக்னல் பலமா வரும். அக்கூஸ்டிக் ஆம்ப்போட முதல் கட்டம் வீணை மைக் மாதிரி மெலிசான சிக்னலை எதிர்பாக்குது. அதனால கெயினை, அதாவது உள்ள வர சிக்னலைப் பெருக்கற குமிழை, ரொம்பக் கீழ வச்சு, பெடலை முழுசா மிதிச்சு பலமா மீட்டினாலும் சிவப்பு லைட்டு எரியாத இடத்தை முதல்ல கண்டுபிடிக்கணும், அப்புறம்தான் மொத்த சத்தத்துக்கான மாஸ்டர் குமிழைத் தொடணும். நான் தலைகீழா செஞ்சிருக்கேன், பாதி பெடல்ல கெயினை செட் பண்ணிட்டு கையிருப்பு பூரா அங்கயே செலவாகியிருக்கு. சத்தம் எல்லை தாண்டாம தானா பிடிச்சு வைக்கற லிமிட்டர் இருக்கற ஆம்ப்ல இது இன்னும் மோசம், நீங்க ஸ்வரத்தை வளர்க்கப் பாப்பீங்க, அது அமுக்கிட்டே இருக்கும்.

வால்யூம் பெடல்ல இன்னொரு நுணுக்கம். பழைய மாதிரி பெடல்ல உள்ள ஒரு 500 கே பாட், அதாவது 500 கிலோ ஓம் வரை மாறற ஒரு மின்தடை, இருக்கும், அவ்ளோதான். பாதி மிதிச்ச நிலையில அது சிக்னலுக்குக் குறுக்க பெரிய தடையா நிக்கும், அதுக்கப்புறம் நீளமான கேபிள் போட்டா மேல் ஸ்தாயி எல்லாம் கேபிள்லயே மங்கிடும், காலை அழுத்த அழுத்த பளிச்சுன்னு ஆகும். பெரிய ஆம்ப்ல இது அவ்ளோவா தெரியல, ட்வீட்டர் இருக்கற ஆம்ப்ல மிதிக்க மிதிக்க நிறம் மாறறது தெளிவா கேக்குது. பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு சின்ன பஃபர், அதாவது சிக்னல் பலவீனமாகாம பாத்துக்கற சர்க்யூட், வச்சு, பெடல்ல இருந்து ஆம்ப்புக்குப் போற கேபிளைக் குட்டையாக்கினேன், சரியாயிடுச்சு. ஹில்டன் மாதிரி எலக்ட்ரானிக் பெடல் வச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல.

இத்தனைக்கும் மேல என் கண்ணைத் திறந்தது ஒரு எளிய கணக்கு. 200 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் வித்தியாசம் என்னன்னு பாத்தா சுமார் 5 டெசிபல். வாட் ரெண்டு மடங்கானா 3 டெசிபல்தான் கூடும், அதுதான் விதி. வெட்டவெளிக் கணக்குப்படி, ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற தூரத்தைப் பாதியாக்கினா 6 டெசிபல் கூடும். அதாவது 8 அடி தள்ளி இருந்த ஆம்ப்ப 4 அடிக்குக் கொண்டு வந்தா, நான் இழந்த வாட் எல்லாம் என் காதுல திரும்பி வந்துடுது. ஸ்பீக்கர் அளவு வித்தியாசம் தனியா இருக்கு, 15 இஞ்ச் கூம்போட பரப்பு ஆறரை இஞ்சைப் போல அஞ்சு மடங்கு, அது தள்ற காத்தை இது தள்ளாது, ரூம்ல சுவர் எதிரொலியும் உண்டு, கணக்கு அச்சு அசலா வராது. ஆனாலும் தரையில இருந்து தூக்கி ஒரு நாற்காலி மேல, என் வலது தோளுக்குப் பின்னால கொஞ்சம் சாய்ச்சு, என் காதைப் பாத்து வச்சேன். அதுவரைக்கும் அந்த ஆம்ப் என் முழங்காலுக்குத்தான் வாசிச்சுட்டு இருந்திருக்கு!

ஹாலுக்குச் சத்தம் குடுக்கறது பிஏ, அதாவது ஹாலோட பெரிய ஸ்பீக்கர் செட்டோட வேலை. இந்த வகை ஆம்ப் பெரும்பாலும் பின்னால மைக் கேபிள் மாட்டற எக்ஸ்எல்ஆர் சாக்கெட்ல ஒரு டிஐ அவுட், அதாவது சிக்னலை நேரா வெளிய அனுப்பற வழி, வச்சிருக்கும், மிக்ஸருக்கு நேரா ஒரு கேபிள், முடிஞ்சுது. பெரிய ஆம்ப் காலத்துல சவுண்ட் ஆள் வந்து குறைங்க குறைங்கன்னு கை காட்டுவார், முதல் வரிசையில உக்காந்தவங்க காதுல ஸ்டீல் மட்டும் கேக்கும், பின்னால இருக்கறவங்களுக்கு அது மண்ணு மாதிரி இருக்கும். இப்ப எல்லாருக்கும் ஒரே ஸ்டீல்தான். கூடப் பாடறவங்க இருந்தா ரெண்டாவது சேனல்ல மைக்கையும் போட்டுக்கலாம், நான் அதை அதிகம் பயன்படுத்தல.

அப்புறம் பழைய ஆம்ப்ப வித்துட்டு செகண்ட்ஹேண்ட்ல ஒரு ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் ஆர்ட்டிஸ்ட் வாங்கினேன். 120 வாட், 8 இஞ்ச் ஸ்பீக்கர், 12 கிலோகூட இல்ல. 60ல இருந்து 120ங்கறது கணக்குல 3 டெசிபல்தான், ஆனா அந்த 3 டெசிபல் எங்க வேலை செய்யுதுன்னா சரியா அந்தக் கையிருப்பு இடத்துல, கால் கடைசி கால்வாசி அழுத்தற இடத்துல. ஜெர்மன்காரங்க செய்யற ஏஇஆர் காம்பாக்ட் 60ஐ ஒரு நண்பர் வீட்ல வாசிச்சுப் பாத்திருக்கேன், ஆறரை கிலோதான், அதுல 8 இஞ்ச் ஸ்பீக்கரே உயர்ந்த ஸ்தாயியையும் சேர்த்துப் பாத்துக்கும், தனி ட்வீட்டர் இல்லாததால ஸ்டீலுக்கு மேல் பக்கம் இன்னும் மென்மையா இருந்துச்சு, விலைதான் எட்டல. ஸ்டீலுக்குன்னே கிளாஸ் டிங்கற லேசான சர்க்யூட்ல எடை கம்மியா செய்யற ஆம்ப்பும் இப்ப இருக்கு, பேட் க்வில்டரோட கம்பெனி ஸ்டீல்ஏர்னு ஒண்ணு போட்டுச்சு, வசதி இருக்கறவங்க நேரா அங்க போகலாம். வீட்ல ஏற்கனவே அக்கூஸ்டிக் ஆம்ப் வச்சிருக்கறவங்க அதைத் தூக்கிப் பாக்காம புதுசு வாங்க ஓடாதீங்கங்கறதுதான் என் கட்சி.

அதை எடுத்துக்கிட்டு ஒரு சனிக்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போனேன். முன்னாடியே சொன்னா வேண்டாம்பார்னு சொல்லல. அவர் ஸ்டீல், 70கள்ல வாங்கின ஷோ-பட், முன் ரூம்லயே துணி போட்டு மூடி வச்சிருந்தார். ஆம்ப்பப் பாத்துட்டு, "இது என்ன, ரேடியோவா?"ன்னார். நான் பதில் சொல்லாம சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒண்ணை இழுத்து அவருக்குப் பின்னால போட்டு, ஆம்ப்ப மேல வச்சு, பின்னால ஒரு தடி புத்தகத்தை முட்டுக் குடுத்துச் சாய்ச்சேன்.

அவர் எப்பவும் உடனே வாசிக்க மாட்டார். முதல்ல பாரை சட்டையில துடைப்பார், பிக்கைப் போட்டுக்கிட்டு கட்டைவிரலை ரெண்டு தடவை மடக்கிப் பாப்பார், அப்புறம் ஈ9ங்கற சுருதியில வச்ச நெக்ல மூணாவது கம்பியை மட்டும் எட்டாவது ஃப்ரெட் கோட்டுக்கு மேல தொட்டுட்டு விட்டுடுவார். அன்னிக்கும் அப்படித்தான். அந்த ஒரு ஸ்வரம் கரைஞ்சு போற வரைக்கும் கேட்டுட்டு, கையைப் பின்னால நீட்டி ட்ரெபிளை நான் வச்ச இடத்துல இருந்து இன்னும் ஒரு மயிரிழை குறைச்சார். எதிரொலி சேர்க்கற ரிவர்ப்பைக் கொஞ்சம் ஏத்தினார். அப்புறம் அஞ்சாவது கம்பியும் ஆறாவது கம்பியும் சேர்த்து மீட்டி ரெண்டு பெடலை ஒண்ணா மிதிச்சார், ரெண்டு சுருதியும் மேல போய் உக்காந்துச்சு, வலது கால் மெதுவா இறங்குது, சத்தம் நிக்குது, நிக்குது, அவர் கண்ணை மூடிக்கிட்டார், நான் பொண்ணு வீணைக்கு வச்சு கேட்ட அதே மாதிரி ஒரு பொட்டியில இருந்து இது வருதான்னு எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு. ஒரு பத்து நிமிஷம் பேசவே இல்ல. வாசிச்சு முடிச்சுட்டு கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ வெயிட்டு?"

எல்லாத்துக்கும் இது ஆகாது, அதையும் சொல்லிடணும். ஈ9ல கீழ் கம்பி பி, சுமார் 123 ஹெர்ட்ஸ், அது 8 இஞ்ச் ஸ்பீக்கருக்குப் பிரச்சனையே இல்ல. இன்னொரு சுருதியான சி6 நெக்ல கீழ் கம்பி சி, 65 ஹெர்ட்ஸ், அதை பலமா மீட்டினா சின்ன கூம்பு தடுமாறி ஒரு மாதிரி அடைச்ச சத்தம் வரும். டெக்ஸாஸ்ல சி6 இல்லாம முடியாது, ஜாஸ் கலந்த கன்ட்ரி டான்ஸ் இசையான வெஸ்டர்ன் ஸ்விங் கேட்பாங்க, அதுக்கு நான் பேஸ் குமிழைக் குறைச்சு வச்சுட்டு கீழ் ரெண்டு கம்பியையும் மெதுவாத் தொடறேன், அந்த கனத்தை பிஏல இருந்து வாங்கிக்கறேன். பிஏ இல்லாத இடத்துல, டிரம்ஸ் பலமா இருந்து 200 பேர் ஆடற ஹால்ல, இந்த ஆம்ப்ப மட்டும் நம்பிப் போகாதீங்க. எனக்கு அப்படி வருஷத்துக்கு ரெண்டு ஷோதான் வருது, அன்னிக்கு கடன் வாங்கிக்கறேன், தூக்க ரெண்டு பேர் வராங்க. வீட்டுத் திண்ணை, பார்க் மாதிரி இடத்துக்கு பேட்டரி மாடல்கூட போதும், ரோலண்ட் ஏசி-33ல 8 பென்டார்ச் பேட்டரி போட்டு ஒருத்தர் வாசிச்சதைக் கேட்டிருக்கேன், சின்ன சத்தம்தான், ஆனா ஸ்டீல் ஸ்டீலாத்தான் இருந்துச்சு.

பெரியவர் அடுத்த மாசமே தனக்கு ஒண்ணு வாங்கிட்டார், எனக்கு சொல்லாமயே. இப்ப வியாழக்கிழமை சாயந்திரம் அவர் வீட்டுப் பக்கத்துல வயசானவங்க கூடற ஒரு சென்டர்ல வாசிக்கறார், ஒரு கிட்டார், ஒரு பேஸ், டிரம்மர் வெறும் பிரஷ் வச்சு தட்டுவார். நான் நேரம் கிடைக்கறப்ப ஸ்டீல் கேஸைத் தூக்கிக் குடுக்கப் போவேன், அது மட்டும் இன்னும் கனம்தான், அதுக்கு நான் வந்தா ஒத்துக்கறார். போன வியாழன் நான் கேஸை இறக்கிட்டு திரும்பிப் பாக்கறேன், ஒரு கையில ஆம்ப், இன்னொரு கையில சீட்டு, அவர் பாட்டுக்கு படியேறிட்டு இருக்கார். உள்ள போய்ப் பாத்தா நாற்காலி போட்டு ஆம்ப்ப மேல வச்சுட்டார், ஆனா முட்டுக் குடுக்க புத்தகம் கிடைக்கல போல, அங்க இருந்த பிங்கோ டப்பாவை வச்சு சாய்ச்சுட்டு, உக்காந்து பாத்து, எழுந்து போய் ஒரு இஞ்ச் நகர்த்தி, மறுபடி வந்து உக்காந்து மூணாவது கம்பியைத் தொட்டுக் கேட்டுட்டு இருந்தார்.